பழைய டர்ட் பைக்கில் மின்மோட்டார்: நெடுநாள் ஓட்டிய பிறகு

கரட்டுத் தடங்களில் ஓட்டும் டர்ட் பைக்கை வீட்டிலேயே மின்சாரத்துக்கு மாற்றியவர்களில் பலர், சக்கரம் முதன்முதலாகச் சுழன்ற மகிழ்ச்சியிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு செயின் தேய்ந்து மறு செயின் மாட்டி, சேற்றிலும் தூசியிலும் ஓட்டி, பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிய பிறகு, சொல்ல வேண்டியவை வேறாகிவிட்டன. எந்த மோட்டார், எத்தனை கிலோவாட் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. என் அனுபவத்தில் மோட்டார்தான் கடைசியாகக் கவலைப்பட வேண்டிய பொருள். அதை ஃபிரேமில் பிடித்து நிறுத்தும் தகடுகள், செயின் ஓடும் கோடு, பேட்டரிப் பெட்டி, ஆக்சிலரேட்டரின் அமைப்பு ஆகிய நான்கும்தான் வண்டி நெடுநாள் உழைக்குமா என்பதை முடிவு செய்கின்றன.

முதலில் வண்டியின் விவரம். 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. இன்ஜின் தேய்ந்து கம்ப்ரஷன் போய்விட்டது. ஃபிரேம், முன் ஃபோர்க், பின் ஷாக் அப்சார்பர் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அதில் கியூஎஸ் 138 வகை மோட்டார் பொருத்தியிருக்கிறேன். உள்ளேயே 1:2.35 என்ற கியர் குறைப்பு இருக்கிறது. பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து கொடுக்க ஒரு சைன் வேவ் கன்ட்ரோலர், 72 வோல்ட் பேட்டரி. 21700 அளவு லித்தியம் அயான் செல்கள் தொடராக 20, இணையாக 10, ஒவ்வொன்றும் 4.2 ஆம்பியர் மணி. ஆக மொத்தம் 42 ஆம்பியர் மணி, சுமார் 3 கிலோவாட் மணி. முழுதாக ஏறினால் 84 வோல்ட். 200 செல்களின் எடை மட்டும் ஏறக்குறைய 14 கிலோ. பெட்டி, செம்புப் பட்டைகள், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்பலகை) எல்லாம் சேர்த்தால் 20 கிலோவை நெருங்கிவிடும். இன்ஜின், சைலன்சர், ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க் எல்லாம் கழன்றதால் மொத்த எடை பழைய எடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. எடை இருக்கும் இடம்தான் மாறியது.

இன்ஜினைக் கழற்றுவது எளிது. அது செய்துவந்த இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான மோட்டோகிராஸ் வண்டிகளில், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் அச்சு போல்ட், இன்ஜின் கேஸின் பின்பகுதி வழியாகவும் ஊடுருவிப் போகிறது. இன்ஜின் வெறும் சக்தி மூலம் அல்ல. ஃபிரேமின் இரு பக்கங்களையும் கட்டிப் பிடிக்கும் ஓர் உறுப்பு. அதை எடுத்துவிட்டு அந்த இடைவெளியை வெறுமையாக விட்டால், போல்ட்டை இறுக்கும்போது ஃபிரேம் உள்பக்கமாக நெருங்கும், ஸ்விங் ஆர்ம் பேரிங் பக்கவாட்டில் அழுந்தும். நான் இன்ஜின் கேஸின் அகலத்துக்குச் சரியாக ஒரு எஃகுக் குழாயை லேத்தில் கடைந்து நடுவில் வைத்தேன். மோட்டாரைத் தாங்கும் இரு தகடுகளும் 10 மில்லிமீட்டர் 6061 அலுமினியம். பழைய இன்ஜின் பிடித்திருந்த எல்லா ஓட்டைகளிலும் அவை பிடிக்கின்றன. மோட்டாருக்கு இரண்டு போல்ட் போதுமே என்று நினைத்துத் தகட்டைச் சிறிதாக வெட்டிவிடக் கூடாது. தகடு மோட்டாரைத் தாங்கினால் மட்டும் போதாது, இன்ஜினுக்குப் பதிலாக ஃபிரேமையும் கட்ட வேண்டும்.

அடுத்தது, செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்பிராக்கெட்டின் இடம். இன்ஜினைக் கழற்றும் முன்பே ஒரு தடித்த அட்டையில் ஸ்விங் ஆர்ம் அச்சையும் ஸ்பிராக்கெட்டின் மையத்தையும் குறித்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்பிராக்கெட் கூடியமட்டும் அதே புள்ளியில் அமர வேண்டும். செயின் இழுக்கும் விசை ஸ்விங் ஆர்மையும் அழுத்துகிறது. முடுக்கும்போது வண்டியின் பின்பகுதி எவ்வளவு அமர வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் அந்தப் புள்ளியை வைத்துத்தான் தீர்மானித்திருக்கிறார்கள். அச்சிலிருந்து அது விலக விலக, பின்சக்கரம் ஏறி இறங்கும்போது செயினின் தளர்ச்சியும் பெரிதாக மாறும். சக்கரத்தின் ஒரு நிலையில் சரியாக இருக்கும் செயின் இன்னொரு நிலையில் விறைத்துப்போகும். என் வண்டியில் ஸ்விங் ஆர்ம் மீதுள்ள ரப்பர் காப்பு இத்தனை நாளுக்குப் பிறகும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், அட்டை வெட்டச் செலவிட்ட அந்தப் பொழுது வீண்போகவில்லை என்று தெரிகிறது.

செயின் பற்றி ஒரு சொல். ரீஜென் பிரேக் (வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்புவது) வைத்தால் மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து இழுக்கிறது. அப்போது செயினின் கீழ்ப்பகுதி விறைக்கிறது. என் முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்றியபோது பற்களின் இரு பக்கமும் பளபளவென்று தேய்ந்திருந்தன. தளர்ச்சி கூடினால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஓர் அடி விழும். இன்ஜின் இரைச்சலில் கேட்காத சத்தம் இது. இப்போது தெளிவாகக் கேட்கிறது. கேட்ட உடனே செயினைச் சரிசெய்வது பழக்கமாகிவிட்டது.

கியர் விகிதம்தான் என் அனுபவத்தில் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்த சின்ன வேலை. தொடக்கத்தில் முன்னால் 14 பல், பின்னால் 48. மோட்டார் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றினால், 18 அங்குலப் பின்சக்கரத்தில் கணக்குப்படி மணிக்கு 77 கிலோமீட்டர் வரும். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது மோட்டாரின் சூடு சடசடவென்று ஏறியது. பின்னால் 54 பல் மாற்றினேன். உச்ச வேகம் 68-க்கு இறங்கியது. அதே ஏற்றத்துக்கு மோட்டார் தர வேண்டிய முறுக்கு விசை ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தது. மின்னோட்டமும் அதே அளவு குறைந்தது. செம்புச் சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மின்மோட்டார் வேகத்தில் கெடுவதில்லை, மெதுவாகத் திணறும்போதுதான் கெடுகிறது. அதிகச் சூட்டில் காந்தங்கள் வலுவிழந்தால் அது திரும்ப வராது. மோட்டாருக்குள் இருக்கும் வெப்ப உணரியைக் கன்ட்ரோலரில் இணைத்து, வரம்பைத் தாண்டினால் மின்னோட்டம் தானாகக் குறையும்படி வைப்பது கட்டாயம்.

ஆக்சிலரேட்டரின் குணத்தை அமைப்பதற்குப் பொறுமை வேண்டும். கன்ட்ரோலரில் பேட்டரி மின்னோட்டம், மோட்டார் சுருள்களுக்குப் போகும் ஃபேஸ் மின்னோட்டம் என்று இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது முறுக்கு விசையைக் கட்டுப்படுத்துகிறது. மெதுவான வேகத்தில் ஃபேஸ் மின்னோட்டம் பேட்டரியிலிருந்து எடுப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது என்றால் குறைக்க வேண்டியது ஃபேஸ் வரம்பை. பேட்டரி வரம்பை அல்ல. ஈரமான பாறையிலும் வேர்களிலும் ஓட்டுவதற்காக, கைப்பிடியின் முதல் பாதித் திருப்பலில் விசை மெல்ல ஏறும்படி வளைவை அமைத்திருக்கிறேன். இன்ஜின் அணைந்துவிடுமோ என்ற பயமே இல்லாமல் நடக்கும் வேகத்தில் பாறை இடுக்கில் ஊர்ந்து போகலாம். இந்தச் சுகத்துக்காகவே மாற்றலாம் என்பேன்.

ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். காந்தப்புலத்தை உணர்ந்து வேலை செய்யும் ஹால் வகை ஆக்சிலரேட்டரில் மூன்று ஒயர்கள்: 5 வோல்ட், தரை, சிக்னல். தரை ஒயர் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி, முழு ஆக்சிலரேட்டர் கொடுத்ததுபோல ஆகிவிடக்கூடும். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பாருங்கள். மூன்றிலும் கன்ட்ரோலர் பிழை காட்டி மோட்டாரை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சிக்னலின் மேல் வரம்பைச் சரியாக அமைக்கும்வரை வண்டியில் ஏறக் கூடாது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கில் சுவிட்சும், மணிக்கட்டில் மாட்டும் கயிறும் அவசியம்.

கிளட்ச் இல்லாததற்கு மனம் பழக நாளாகும். குறுக்கே கிடக்கும் மரத்தைத் தாண்ட, முன்பு இன்ஜினைச் சுழலவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விடுவோம். ஃபிளைவீலில் சேர்ந்திருந்த வேகம் வண்டியைத் தூக்கும். மின்மோட்டாரில் அந்தச் சேமிப்பு இல்லை. விசை உடனே வருகிறது, ஆனால் அந்த உதைப்பு வருவதில்லை. உடல் எடையை முன்பின் சாய்த்து ஈடுகட்டக் கற்றுக்கொண்டேன். காலியான இடக்கைக்குப் பின் பிரேக்கின் லீவரைக் கொடுத்தது அருமையான முடிவு. நீண்ட இறக்கங்களில் வலக்காலைவிட இடக்கையின் இரு விரல்கள் எவ்வளவோ நுட்பமாகப் பிடிக்கின்றன.

ரீஜென் பற்றி மிகையான எதிர்பார்ப்பு வேண்டாம். எடை குறைந்த வண்டி. கரட்டுத் தடத்தில் திரும்ப வரும் மின்சாரம் சொற்பம். பிரேக் பேட் மிச்சமாவதும் இறக்கத்தில் கிடைக்கும் நிதானமும்தான் உண்மையான பலன். ஆனால் முழுதாக ஏற்றிய பேட்டரியோடு மலையுச்சியிலிருந்து இறங்கத் தொடங்கினால் 84 வோல்ட்டுக்கு மேல் போக இடமில்லை. அந்த நேரத்தில் பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்தால் ரீஜென் பிடிப்பு சட்டென்று போய்விடும், மின்னழுத்தம் எகிறிக் கன்ட்ரோலரையும் கெடுக்கலாம். கன்ட்ரோலரில் ரீஜெனுக்கு மேல் வரம்பு வைத்திருக்கிறேன். இறக்கத்தில் தொடங்கும் நாள் என்றால் 82 வோல்ட்டோடு சார்ஜை நிறுத்திவிடுவேன். செல்லுக்கு 4.1 வோல்ட் என்பது அதன் ஆயுளுக்கும் நல்லது.

இனி பேட்டரிப் பெட்டி. முழு வேலையிலும் நான் மிகுந்த அக்கறை காட்டிய இடம் இதுதான். வாகனங்களுக்கான ஐ.நா. விதி ஆர்100, 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரத்தை உயர் மின்னழுத்தமாகவே கருதுகிறது. 84 வோல்ட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. டர்ட் பைக் குதித்து இறங்கும்போது ஒவ்வொரு செல்லும் தன் இடத்திலிருந்து நகரப் பார்க்கும். அதனால் செல்களை வெறும் பசையை நம்பி அடுக்காமல் தாங்கிச் சட்டங்களில் பூட்டினேன். ஒவ்வொரு செல்லின் நேர்முனையிலும் மின்காப்புக் காகித வளையம் உண்டு; அந்த முனையின் விளிம்பே செல்லின் எதிர்முனையான உடல் என்பதால், உறை கிழிந்தால் நிக்கல் பட்டை அங்கே தொட்டுவிடும். பெட்டியைத் திறந்து பார்த்தபோது செல்களும் பட்டைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய ஒயர்களில் ஒன்று மட்டும் பெட்டியின் விளிம்பில் உராய்ந்து, அதன் சிலிகான் உறை மேல்தோல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. உறைக்கு மேல் கண்ணாடியிழைக் குழாய் போட்டு, விளிம்புக்கு ரப்பர் பட்டை வைத்து மூடினேன். எத்தனை நன்றாகக் கட்டினாலும் பெட்டியைத் திறந்து பார்க்க வழிவைத்துக் கட்ட வேண்டும். பிசின் ஊற்றி நிரந்தரமாக மூடிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஃபியூஸ் 84 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரத்துக்கென்றே தரமிடப்பட்டதாக இருக்க வேண்டும். நேர்மின்சாரத்தில் பிறந்த பொறி எளிதில் அணையாது. மாறுமின்சாரத்தைப் போல அது பூஜ்ஜியத்தைக் கடப்பதில்லை. கன்ட்ரோலரின் கெபாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக முதலில் நிரப்பி, பிறகு கன்டாக்டர் (பெரிய மின்சுவிட்ச்) மூடும்படி வைத்தால் தொடுமுனைகள் கருகுவதில்லை.

எவ்வளவு தூரம் ஓடும்? மெதுவான காட்டுத் தடத்தில் கிலோமீட்டருக்கு 45 வாட் மணி அளவில் செலவாகிறது. தளர்ந்த மணலில் அதைப்போல் இருமடங்கு. கடைசிப் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் விட்டால், ஒன்றில் 60 கிலோமீட்டர், மற்றதில் 30. தொழிற்சாலையில் பிறந்த வண்டிகளோடு ஒப்பிட வேண்டுமென்றால், 2021-இல் அறிமுகமான ஸ்டார்க் வார்க்கில் 6 கிலோவாட் மணி பேட்டரி இருந்தது. கேடிஎம் ஃப்ரீரைடு ஈ 2.6-இல் தொடங்கி 3.9-க்கு வந்தது. நீண்ட பயணத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் இன்றும் மேல். சார்ஜருக்கு 10 ஆம்பியர் என்றால் காலியான பேட்டரி நிரம்ப நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். வீட்டு அறைக்குள் சார்ஜ் செய்வதில்லை. திறந்த இடத்தில், எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாமல், நான் விழித்திருக்கும்போது மட்டும். நெடுநாள் நிறுத்தி வைத்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் விட்டுவைக்கிறேன். செல் தொகுதிகளுக்கு இடையிலான வேறுபாடு இன்னும் 20 மில்லிவோல்ட்டுக்குள்தான் இருக்கிறது. பேட்டரி பாதிக்குக் கீழ் இறங்கிய பிறகு ஏற்றத்தில் மின்னழுத்தம் முன்பைவிடச் சற்று அதிகம் சரிகிறது என்பதை மட்டும் உணர முடிகிறது.

தொல்லை என்று ஒன்று வந்தது, மோட்டாரின் சுழல் நிலையைக் கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் கனெக்டரில். நீரோடை கடந்து கழுவி நிறுத்திய பிறகு, நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. வேகம் பிடித்ததும் சரியானது. பிரித்தால் பின்களில் பச்சை பூத்திருந்தது. கனெக்டரை மோட்டாருக்கு அருகிலிருந்து சீட்டுக்கு அடியில் உயரமான இடத்துக்கு மாற்றி, நீர் புகாத வகையைப் போட்டு, மின்காப்பு கிரீஸ் தடவினேன். அதன்பின் அந்தக் குறை இல்லை. அழுத்த நீரை மோட்டாரின் அச்சு சீலை நோக்கிப் பீய்ச்சுவதில்லை.

சத்தமின்மை பெரிய வரம், பொறுப்பும்கூட. தடத்தில் நடந்து வருகிறவருக்கு நாம் வருவது தெரியாது. கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணி கட்டியிருக்கிறேன், வளைவுகளில் அடிக்கிறேன். பொதுச் சாலையில் ஓட்டுவது அந்தந்த நாட்டுப் பதிவு விதிகளைப் பொறுத்தது; தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செல்களை மாற்றும் காலம் வரும்போது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்குப் போகலாமா என்று யோசித்தேன். அது சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். ஆனால் செல்லுக்கு 3.2 வோல்ட் என்பதால் தொடராக 24 வேண்டும். அதே 3 கிலோவாட் மணிக்கு எடையும் கன அளவும் கூடி, இந்த ஃபிரேமுக்குள் அடங்காது. ஆகவே இதே பெட்டி, இதே சட்டங்கள், இதே அளவுச் செல்கள்தான். ஸ்விங் ஆர்ம் பேரிங் இரண்டையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுவேன்; அவை இன்னும் பழைய வண்டியோடு வந்தவை.