அளவு நாடாவின் முதல் முனை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை

திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் ஊரின் ஓரத்தில் 1994இல் என் தந்தை வாங்கிய மனை, பத்திரப்படி கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி. கிழக்கே பாதை, மேற்கே பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் மனை. இன்று அந்த மனை கிழமேல் 37½ அடிதான் இருக்கிறது. மீதி 2½ அடி, அதாவது 150 சதுர அடி, அவருடைய சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது. அதைப் பறிகொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டவன் நானே. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் காலிமனையை வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

2019இல் தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அப்போது அண்ணாச்சி சுற்றுச்சுவர் எடுக்கப் போவதாகச் சொன்னார். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து அரசு சர்வேயரை வைத்து அளந்துவிடலாமே என்று கேட்டேன். "எதுக்குத் தம்பி தாலுகா ஆபீஸுக்கு அலைஞ்சுக்கிட்டு? நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான், நாமளே அளந்துக்கிடுவோம்" என்றார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் என்பதால் மறுத்துப் பேச மனம் வரவில்லை.

வந்தவர் தனியார் அளவையாளர். அவர் நாடாவின் முதல் முனையை அண்ணாச்சி வீட்டின் மேற்குச் சுவரில் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து கிழக்கே அவர் மனைக்கென்று 40 அடி அளந்து, முடிந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். என் மனையை அளக்கவே இல்லை. அதில் சீமைக்கருவேலம் புதர் மண்டிக் கிடந்தது. "மிச்சம் இருக்கது உங்களோடதுதானே" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

ஏமாற்று அங்கேதான் நடந்தது. அண்ணாச்சியின் மேற்குச் சுவர் அவருடைய உண்மையான எல்லையில் இல்லை. அவருக்கும் மேற்கே இருப்பவர் பல ஆண்டுகளுக்கு முன்பே 2½ அடி உள்ளே வந்து வீடு கட்டியிருக்கிறார். அதை நன்றாக அறிந்திருந்தும், மேற்கே இழந்ததைக் கேட்கத் துணியாமல், வெளியூரில் இருக்கும் என்னிடமிருந்து கிழக்கே எடுத்துக்கொண்டார். வரிசையாக இருக்கும் மனைகளில் யாரோ ஒருவர் செய்த அத்துமீறல் இப்படித்தான் நகர்ந்து நகர்ந்து, கேட்க ஆளில்லாத காலிமனையில் வந்து முடிகிறது. அரசு அளவையாளராக இருந்தால் புலப்படத்தை, அதாவது வருவாய்த் துறையின் நில அளவை வரைபடத்தை, வைத்துக்கொண்டு புலத்தின் மூலைக்கற்களைத் தேடி, அவற்றிலிருந்து அளந்துகொண்டு வருவார். யாரோ கட்டிய சுவரிலிருந்து தொடங்க மாட்டார்.

அன்று மாலையே 20 ரூபாய் முத்திரைத்தாளில் 'எல்லை இருவருக்கும் சம்மதம், பின்னால் ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று திண்ணையில் நின்றபடியே கையெழுத்திட்டேன். நகல்கூட வாங்கவில்லை.

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த 2023இல்தான் உண்மை தெரிந்தது. புதரை வெட்டிவிட்டு வங்கியின் பொறியாளர் அளந்தபோது 37½ அடிதான் வந்தது. பத்திரத்தை எடுத்து மறுபடி படித்தேன், மறுபடி அளக்கச் சொன்னேன், அதே அளவுதான். அண்ணாச்சியிடம் போய்க் கேட்டபோது, பெட்டியிலிருந்து அந்த முத்திரைத்தாளை எடுத்துக் காட்டினார்.

அந்தத் தாளைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை மாற்றும் ஆவணம் பதிவு செய்யப்பட்டாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. எனவே பதிவாகாத அந்தத் தாளால் என் நிலம் அவருக்கு உரிமையாகிவிடாது. ஆனால் 'எல்லை இதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார்' என்று எதிர்த்தரப்பு வாதாட அது போதும். அந்த வாதத்தை உடைக்கத்தான் இன்று வாய்தாவுக்கு வாய்தா அலைகிறேன்.

அடுத்த அடி வழக்கறிஞரிடமிருந்து கிடைத்தது. முதலில் நான் நியமித்தவர் வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடை உத்தரவு) மட்டும் கேட்டுப் பிராது (வழக்கு மனு) தாக்கல் செய்துவிட்டார். சுவர் எழுந்து, நிலம் எதிரியின் கையில் இருக்கும்போது, 'என் அனுபவத்தில் (கைவசத்தில்) தலையிடக் கூடாது' என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. உரிமையே கேள்விக்குள்ளாகி, சொத்தும் கைவிட்டுப் போயிருந்தால், உரிமை விளம்புகையும் (உரிமை நம்முடையது என்ற அறிவிப்பு) சுவாதீன ஒப்படைப்பும் (நிலத்தை நம் கைவசம் திருப்பித் தருவது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் அனத்துலா சுதாகர் வழக்கில் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பின் பதிலுரையைப் படித்த பிறகுதான் எனக்கே இது புரிந்தது. வேறு வழக்கறிஞரை வைத்துப் பிராதைத் திருத்த மனுப் போட்டதில் ஓராண்டு போய்விட்டது. உங்கள் பிராதில் என்னென்ன பரிகாரம் கேட்கப்பட்டிருக்கிறது என்பதை, தாக்கலாகும் முன்பே ஒரு வரி விடாமல் படித்துக் கேளுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தது பெரும் தவறு.

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல், சம்மதமும் இல்லாமல் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, உரிமையை நிரூபிக்காமலேயே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். என் காலிமனையில் புதர் மறைத்திருந்த நான்கு ஆண்டுகளில் அந்த வாய்ப்பை நினைத்துப் பார்க்கவே வழியில்லை. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்க, எதிரியின் அனுபவம் நமக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டு. அதையும் தாண்டவிட்டால் எதிரிடை அனுபவத்தைக் காட்டி உரிமையையே அழித்துவிட முடியும். ஆண்டுக்கு ஒருமுறையாவது புதரை வெட்டி, நான்கு மூலைக் கல்லையும் கண்ணால் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

பட்டா நம் பேரில் இருக்கிறது என்ற தைரியமும் போதாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. பத்திரத்தில் அளவு அடியிலும் புலப்படத்தில் மீட்டரிலும் இருப்பதால், 40 அடி 12.2 மீட்டர் என்பது போன்ற கணக்கைக் கையில் எழுதி வைத்துக்கொண்டே அளவையின்போது நில்லுங்கள். கட்டணம் கட்டி அரசு அளவைக்கு மனுக் கொடுத்தால், பக்கத்து மனைக்காரர்களுக்கு அறிவிப்புப் போய், அரசு அளவையாளர் வந்து எல்லை காட்டுவார். எனக்கு அப்போது தாமதமாகத் தோன்றிய அந்தச் சில வாரங்களுக்காகத்தான் இப்போது ஆண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆண்டு நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், தாலுகா சர்வேயருடன் வந்து அளந்தார். புலப்படத்தின்படி என் தென்மேற்கு மூலை விழ வேண்டிய இடம் அண்ணாச்சி வீட்டுத் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் வந்தது. கல்லைப் புரட்டி ஒரு முழம் தோண்டியபோது, மண்ணுக்குள் சாய்ந்தபடி பழைய எல்லைக்கல் கிடந்தது. தலையில் வெட்டியிருந்த குறியில் மண் அப்பியிருந்தது. சர்வேயர் ஈரத்துணியால் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அண்ணாச்சி வீட்டுக்குள் போய்விட்டார். ஆணையரின் அறிக்கை தாக்கலாகிவிட்டது, அதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபணை வர வேண்டும்.

எங்கள் மனைக்கு வடக்கே உள்ள மனையைச் சென்ற மாதம் சென்னையில் இருக்கும் ஒருவர் வாங்கியிருக்கிறார். அதே தனியார் அளவையாளரைத்தான் வரச் சொல்லியிருந்தார். நான் போனில் பேசி அந்த முத்திரைத்தாளின் படத்தை அனுப்பினேன். அளவையை நிறுத்திவிட்டார், தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டதாக நேற்றுச் சொன்னார்.