பாசனக் குழுவுக்கு எந்த விக்கி? டோக்குவிக்கியைப் பயன்படுத்திய அனுபவம்

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊர்ப் பாசனக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் எந்த மடைக்கு எந்த நாள் முறை என்பதை ஊரார் அனைவரும் பார்க்க வேண்டும். அதைத் திருத்தும் உரிமை செயலாளருக்கு மட்டுமே இருக்க வேண்டும். தூர்வாரிய செலவுக் கணக்கு உறுப்பினர்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது.

இதற்காக, பலரும் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவும் விக்கி மென்பொருள் ஒன்றைத் தேடினோம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியைத்தான் முதலில் எண்ணினோம். ஆனால் பக்கவாரியாகப் படிக்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் அது வடிவமைக்கப்படவில்லை என்பதால் கைவிட்டோம்.

ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் வெளியிட்ட டோக்குவிக்கியில் இக்கட்டுப்பாடு உடன்பிறந்தது. படித்தல், திருத்துதல், உருவாக்குதல், பதிவேற்றுதல், நீக்குதல் என ஏறுவரிசையில் ஐந்து உரிமைகள் உள்ளன. இவற்றைத் தனிநபருக்கும் குழுவுக்கும், பக்கத்துக்கும் பக்கத் தொகுதிக்கும் வழங்கலாம். ஒருவர் இரு குழுக்களில் இருந்தால் இரண்டில் உயர்ந்த உரிமையே செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. இதை அறியாமல், மடை முறைப் பக்கத்தை ஒரு வாரம் எல்லா உறுப்பினரும் திருத்தும்படி விட்டுவைத்திருந்தேன்.

தரவுத்தளம் தேவையில்லை, பக்கங்கள் எளிய உரைக்கோப்புகளாகவே இருப்பதால் அவற்றைப் பென்டிரைவில் நகலெடுத்து வைக்கிறோம். தமிழ்த் தலைப்பு வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இயல்பான அமைப்பில் கோப்புப் பெயரில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிவதால் நீண்ட தலைப்பு சேமிக்கப்படாமல் போகும். அமைப்புகளில் கோப்புப் பெயர் முறையை யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளை அப்படியே வைக்கும் முறை) என மாற்றிய பிறகே ‘குறுவை நாற்றங்கால் விதைப்பு நாட்கள்’ என்ற பக்கம் எங்களுக்குச் சேமிக்கக் கிடைத்தது.