கடோலினியம் துண்டு, 10 கிராம்: துண்டு நன்று, கூட வரும் காந்தம் வேண்டாம்

திண்மநிலை இயற்பியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. உலோகத்துக்குள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நிற்கும் காந்தத் திருப்புத்திறன்கள், அதாவது அணுக்கள் தாங்கும் குட்டிக் காந்தங்கள், எப்படி ஒரே திசையில் அணிவகுக்கின்றன என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாமே தவிர, மேசைமேல் வைத்துக் காட்ட வழியில்லை. அந்தக் குறைக்காகவே, தனிமங்களை மாதிரிகளாக விற்கும் ஓர் இணையக் கடையில் அருமண் உலோகமான கடோலினியத்தின் இந்தத் துண்டை வாங்கினேன்.

இரண்டு புளியங்கொட்டைகளைச் சேர்த்து வைத்த அளவில், வெள்ளி நிறத்தில், காற்று நீக்கிய உறையில் வந்தது. உறையைப் பிரித்த சில வாரங்களிலேயே ஈரக்காற்றில் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்துவிட்டதால், இப்போது கனிம எண்ணெயில் போட்டு வைத்திருக்கிறேன். இது உலோகத்தின் இயல்பே அன்றிக் கடையின் குற்றமன்று.

கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது எந்தச் சூட்டுக்கு மேல் அந்த அணிவகுப்புக் குலைந்துவிடுமோ அது, ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். மதுரையில் மே மாதத்து வகுப்பறையில் அது ஃபெர்ரோ காந்தமாக (அணிவகுப்புத் தானாகவே நிலைக்கும் காந்தமாக) இருக்க வாய்ப்பே இல்லை என்பது நமக்கு வசதிதான். துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு விரற்கடை தள்ளிச் சாதாரணக் கறுப்பு ஃபெரைட் காந்தத்தைப் பிடித்தால், நூல் சற்றே சாய்ந்ததோடு சரி. அதே துண்டை நெகிழி உறைக்குள் இட்டுப் பனிக்கட்டி நீரில் பத்து நிமிடம் வைத்தெடுத்துத் தொங்கவிட்டபோது, பாய்ந்து சென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பிடித்து வகுப்பறைச் சூட்டுக்கு வரவிட்டால், சூடு ஏற ஏறப் பிடிப்புத் தளர்வதைக் கையாலேயே உணரலாம்.

கடைக்காரர் இலவசமாகச் சேர்த்து அனுப்பிய நியோடிமியம் காந்தம்தான் சோதனையைக் கெடுக்கிறது. அது அவ்வளவு வலுவானது என்பதால், பாரா காந்த நிலையில், அதாவது அணிவகுப்புக் குலைந்து குறைவாகவே ஈர்க்கப்படும் நிலையில், உள்ள கடோலினியத்தையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிர்ந்த துண்டுக்கும் சூடான துண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் மாணவர்கள் விழித்தார்கள்.

இணைத்திருந்த விளக்கத்தாளும் தவறு. பக்கத்து அணுக்களின் 4எஃப் எலக்ட்ரான்கள் (திருப்புத்திறனைத் தாங்கும் உள்ளடுக்கு எலக்ட்ரான்கள்) ஒன்றோடொன்று மேற்பொருந்துவதால் காந்தத்தன்மை வருகிறது என்கிறது அது. அணுக்களுக்கிடையே ஏறத்தாழ 3.6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி இருக்க, அந்த எலக்ட்ரான்களோ அணுக்கருவை ஒட்டி ஒடுங்கிக் கிடக்கின்றன. அவை நேரடியாகச் சந்திப்பதே இல்லை எனலாம். இடையில் தூது போவன, உலோகம் முழுதும் திரிந்து மின்சாரத்தைக் கடத்தும் கடத்து எலக்ட்ரான்கள். ஒரு திருப்புத்திறன் தன்னைச் சுற்றியுள்ள கடத்து எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை (ஸ்பின்) ஒருபக்கமாகச் சாய்க்கிறது. தொலைவு கூடக் கூட அந்தச் சாய்வு குறி மாறி மாறித் தேய்ந்துகொண்டே சென்று, அடுத்த அணுவை எட்டுகிறது. 1954இல் இயற்பியலாளர்கள் ருடர்மேனும் கிட்டலும் அணுக்கருத் தற்சுழற்சிகளுக்காக எழுதியதைக் கசுயாவும் யோசிடாவும் அடுத்த சில ஆண்டுகளில் இவ்வகைத் திருப்புத்திறன்களுக்கு விரித்தார்கள். ஏழு 4எஃப் எலக்ட்ரான்களின் கணக்குப்படி அணுவுக்கு 7 போர் மேக்னட்டான் (அணுவின் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். மிகக் குறைந்த வெப்பநிலையில் அளந்தால் 7.6க்குச் சற்று மேல் கிடைக்கிறது. அந்த உபரி, தூது போனவற்றின் பங்கு. விளக்கத்தாளில் இந்த ஒரு வரி இருந்திருந்தாலே போதும்.

அதே கடையில் இன்னொரு அருமண் உலோகமான டிஸ்ப்ரோசியமும் கிடைக்கிறது. அதில் இதே இடைவினை சுமார் 179 கெல்வினுக்கு (ஏறத்தாழ −94 டிகிரி செல்சியஸ்) கீழே திருப்புத்திறன்களைத் திருகுச் சுருளாக அடுக்குகிறது என்பதால் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும், எங்கள் துறையில் இருப்பது ஐஸ் பெட்டி மட்டுமே.