தேய்ந்த உதிரிக்குக் குளிர்தெளிப்பா, எச்.வி.ஓ.எஃப். பூச்சா?

ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றிலிருந்து இரண்டு உதிரிகள் ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. ஒன்று, மரவள்ளிக் கிழங்குப் பால் இறைக்கும் பம்பின் ஷாஃப்ட் ஸ்லீவ், அதாவது தண்டின்மேல் மாட்டும் காப்புக் குழல்; கசிவை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் அழுத்தும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்கு வரிப்பள்ளங்கள் விழுந்திருந்தன. மற்றொன்று, மோட்டாரின் அலுமினிய என்ட் கவர், அதாவது முனை மூடி. 6208 பேரிங் உட்காரும் 80 மி.மீ. துளை பெரிதாகிப்போனதால், பேரிங்கைப் பிடித்துவைக்க யாரோ சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்தியிருந்தார்கள். இரண்டுக்கும் கோல்டு ஸ்பிரே, அதாவது குளிர்தெளிப்பு, போட்டுவிடலாமா என்று ஆலைக்காரர் கேட்டார். ஒன்றுக்குப் போடலாம், மற்றொன்றுக்குக் கூடாது என்றேன்.

1980-களில் நோவோசிபிர்ஸ்க் நகரில் அனத்தோலி பாப்பிரினும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்த குளிர்தெளிப்பு முறையில் தூள் உருகுவதே இல்லை. சூடாக்கி அழுத்திய வாயு, குறுகி விரியும் நாசில் வழியாக ஒலியை விஞ்சும் வேகத்தில் பாய, அதில் ஏறிய 5 முதல் 50 மைக்ரான் அளவுள்ள உலோகத் துகள்கள் வினாடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் மோதி, நசுங்கி, அந்த நசுங்கலினாலேயே ஒட்டிக்கொள்கின்றன. பீங்கான் துகள் நசுங்காது. தனியாகத் தெளித்தால் தெறித்துவிடும் அல்லது பரப்பை அரித்துவிடும். ஆகவே அலுமினியத் தூளோடு அலுமினா என்ற பீங்கானைக் கலந்து தெளிக்கிறார்கள். அலுமினாவில் ஒரு பங்கு பூச்சுக்குள் சிக்கி நிற்கிறது. மிச்சம், படிந்த உலோகத்தைச் சுத்தியல்போல அடித்து இறுக்கி, பரப்பைச் சொரசொரப்பாக்கி, நாசிலில் ஒட்டும் அலுமினியத்தையும் சுரண்டிவிட்டு வெளியேறுகிறது. கலவையில் இட்ட பீங்கான் அதே விகிதத்தில் பூச்சில் இருக்கும் என்று நம்பி வாங்குவோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஏற்காட்டில் முன்பு வெட்டி எடுத்த பாக்சைட் மேட்டூரில் அலுமினியமானதைச் சேலத்துக்காரர்கள் அறிவார்கள். இக்கலவையின் இரு தூள்களுக்குமே மூலம் அந்தத் தாதுதான்.

எச்.வி.ஓ.எஃப்., அதாவது அதிவேக ஆக்சிஜன்-எரிபொருள் தெளிப்பு முறையில் எரிபொருளும் ஆக்சிஜனும் எரிந்து, ஏறக்குறைய 3,000 டிகிரி செல்சியஸ் சுவாலையில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் தூளை இளக்கி எறிகின்றன. இதிலும் வேகம் அதிகம். ஆனால் வேறுபாடு கடினத்தில் இருக்கிறது. அலுமினியம்–அலுமினாக் குளிர்தெளிப்பின் கடினம் விக்கர்ஸ் அளவுகோலில் 100-ஐச் சுற்றியே நிற்க, கார்பைடு பூச்சு 1,000-ஐத் தாண்டுகிறது. கிழங்கோடு வரும் மண்ணில் குவார்ட்ஸ் மணல் உண்டு. அது பேக்கிங்கில் பதிந்துவிட்டால் ஸ்லீவை உப்புத்தாள்போலத் தேய்க்கும். அந்த மணலைவிட மென்மையான பூச்சை அங்கே போடுவது பணத்தைக் கரைப்பதாகும். சேலத்து மேக்னசைட் குவாரி உதிரிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும்: மேக்னசைட் மென்மையானது, உடன் வரும் டியூனைட் பாறையோ கடினமானது.

சுவாலை முறைக்கும் குறை உண்டு. சூடு மிகுந்தால் கார்பைடு தன் கார்பனை இழந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. சேகோ ஆலையின் புளித்த நீர் அமிலத்தன்மை உடையதாதலால், கார்பைடு துகள்களைப் பிணைக்கும் உலோகம் வெறும் கோபால்ட்டாக இருந்தால் அரிக்கப்படும். கோபால்ட் 10 சதவீதமும் குரோமியம் 4 சதவீதமும் சேர்ந்த 10-4 வகைத் தூளையே கேட்டு வாங்க வேண்டும். பூச்சுக்குப் பின் வைரச் சக்கரம் இல்லாமல் கிரைண்டிங் நடக்காது.

மின்முலாமாகப் போடும் ஹார்டு குரோம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடினம் ஏறக்குறைய 800 முதல் 1,000 வரை கிடைக்கும், வழவழப்பும் நன்றாக இருக்கும். ஆனால் முலாம் தொட்டியில் நச்சான ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருக்கிறது, பூச்சின் நுண்விரிசல்கள் வழியே புளித்த நீரும் இறங்கும். வெல்டிங் வைத்துக் கடைவது ஸ்லீவுக்குச் சமாளிப்பாகலாம். மெல்லிய அலுமினிய என்ட் கவருக்கு அது கேடு, துளை கோணிவிடும்.

என்ட் கவருக்குக் குளிர்தெளிப்பு பொருந்துவது இதனால்தான். அங்கே தேவை கடினமன்று, இழந்த அளவு. உடல் சூடேறாமலும் நெளியாமலும் அதைத் திருப்பித் தர வேண்டும். 10 பாருக்கு உட்பட்ட காற்றழுத்தக் கருவியே போதும். நைட்ரஜன் கேட்கும் உயரழுத்தக் கருவிக்கு 7 கன மீட்டர் சிலிண்டர் சில நிமிடங்களே தாங்கும். இவ்வேலைக்கு அது வீண். பேரிங் இருக்கை ஆழமற்றதாகையால் நாசிலைச் சாய்த்துப் பிடிக்கலாம், ஆனால் சாய்வு கூடக் கூட ஒட்டும் தூளின் பங்கு குறையும். பஞ்சுப் புள்ளிகளை முதலில் கடைந்து நீக்கி, எண்ணெய்ப் பசையை முழுதும் போக்கி, கிரிட் அடித்து (கூர்மணிகளை வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்கி) முடித்த பிறகே தெளிக்க வேண்டும். ஆலைக்காரர் அந்தப் புள்ளிகள் இருந்தால் பிடிப்பு கூடுமே என்றார்; மேடுகளின் நிழலில் விழும் இடத்தில் தூள் நேராக மோதாமல் பொந்தாகத்தான் படியும் என்று விளக்கி, கவரை முதலில் கடைசலுக்கும், ஸ்லீவைக் கார்பைடு பூச்சுக்கும் அனுப்பிவைத்தேன்.