கட்டாவி போகிறீர்களா? இரண்டு நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்

தான்சானியாவின் பேர்பெற்ற செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் ஆளுக்கொரு படம் காட்டுவார்கள். ஒரு சிங்கம் படுத்திருக்கும், அதைச் சுற்றி இருபது வண்டி நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் போன அக்டோபரில் அதே நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் கட்டாவி தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினோம். நான்கு இரவு தங்கினோம். அத்தனை நாளிலும் கண்ணில் பட்ட வேறு சுற்றுலா வண்டிகள் மொத்தம் மூன்று, அதில் ஒன்று டயர் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது. இத்தனைக்கும் பூங்காவின் பரப்பு 4,471 சதுர கிலோமீட்டர். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன், அந்த ஒன்று எங்கே குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் போய்ச் சேரும் கதை. கட்டாவியில் கூட்டம் இல்லாததற்கு ஒரே காரணம் தூரம்தான். காசு இருந்தால் சிறு விமானத்தில் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் இக்கூ மண் ஓடுதளத்தில் இறங்கலாம். ஆனால் அது பொதுவாக வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும், ஆக நீங்கள் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை அந்த விமானம்தான் முடிவு செய்யும், பையும் 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியெல்லாம் ஏற்ற மாட்டார்கள். உள்ளே இருக்கும் கூடார முகாம்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம், ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்குப் பல நூறு டாலர். நமக்கு அது சரிப்பட்டு வராது. நாங்கள் தார் எஸ் சலாமில் வசிப்பதால் உள்நாட்டு விமானத்தில் ம்பாண்டா என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து சாலை வழியாகப் பூங்கா வாசலில் இருக்கும் சிட்டாலிகே கிராமத்துக்குப் போனோம். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

வண்டி விஷயத்தில்தான் ஏமாந்திருப்போம். நாட்டின் வடகிழக்கில், கட்டாவியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் அருஷா நகரில் ஒரு சுற்றுலா நிறுவனத்திடம் விலை கேட்டோம். பெயர் வேண்டாம். அவர்கள் கொடுத்த மொத்தத் தொகையைப் பார்த்து என் கணவர் இரண்டு நாள் பேசவே இல்லை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் வண்டி அருஷாவிலிருந்து காலியாக வந்து காலியாகத் திரும்பும் செலவு! அப்புறம் சிட்டாலிகே பக்கத்திலேயே ஒரு வண்டியும் ஓட்டுநரும் பேசி வைத்துக்கொண்டோம். பழைய லேண்ட் க்ரூசர், கூரை திறக்காது, பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஆனால் ஓட்டுநருக்கு அந்த மண் அத்துப்படி. பேசும்போதே டீசல் யார் கணக்கு, ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் எழுதி வாங்கவில்லை, கடைசி நாள் சண்டை போட்டோம்.

நுழைவுக் கட்டணம் நான் போனபோது வெளிநாட்டவருக்கு 30 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. இங்கேயே குடியிருப்பவர்களுக்குக் குறைவு, குடியிருப்பு அட்டையைக் கையில் வைத்திருங்கள். சீட்டு 24 மணி நேரத்துக்குத்தான், அதனால் மதியம் உள்ளே போய், இரவு உள்ளேயே தங்கி, மறுநாள் மதியம் வெளியே வந்தால் ஒரு மாலையும் ஒரு காலையும் ஒரே சீட்டில் அடங்கிவிடும். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டோ கைபேசிப் பணமோ வேண்டும்.

சரி, என்ன இருக்கிறது அங்கே? நீர்யானை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை கிடையாது, சாடா ஏரி வற்றிப் புல்வெளியாகிவிடும், கட்டுமா ஆறு ஒடுங்கி ஆங்காங்கே குட்டையாக நிற்கும். சுற்றுவட்டாரத்து நீர்யானைகள் அத்தனையும் அந்தக் குட்டைகளுக்குள் வந்து அடைந்துகொள்ளும். முதல் குட்டையைப் பார்த்தபோது தூரத்தில் ஏதோ பாறைத் திட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு பாறை கொட்டாவி விட்டது. நூற்றுக்கணக்கில், ஒன்றின் முதுகில் ஒன்று தாடையை வைத்துக்கொண்டு, தண்ணீர் என்று சொல்லவே முடியாத பச்சைச் சேற்றில். நாற்றம் ஒரு பர்லாங்குக்கு முன்பே வரவேற்கும். இடத்துக்காக ஆண் நீர்யானைகள் இரண்டு மோதிக்கொண்டதை முக்கால் மணி நேரம் பார்த்தோம், தோலில் பல் கிழித்த கோடுகள் சிவப்பாகத் தெரிந்தன. ஆற்றங்கரையில் மண்ணைக் குடைந்த பொந்துகளுக்குள் முதலைகள் வெயிலுக்கு ஒதுங்கி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவையும் மழைக்குத்தான் காத்திருக்கின்றன.

ஆனால் இந்தக் காட்சியை இயற்கையின் அதிசயம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட மனம் வரவில்லை. ஆற்றின் மேல்பகுதியில் நெல் வயல்களுக்குத் தண்ணீரைத் திருப்புகிறார்கள், அதனால் மழையில்லாத மாதங்களில் பூங்காவுக்குள் வந்து சேரும் தண்ணீர் குறைந்துபோயிருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே கடைமடையில் இருப்பது நீர்யானைகள், மேலே இருப்பவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு நெல் போடுகிறவர்கள்.

எருமைக் கூட்டங்களும் பெரியவை, கட்டிசுங்கா சமவெளியில் ஒரு கூட்டம் எங்கள் பாதையைக் கடந்து முடிக்கும் வரை வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். சிங்கம் இரண்டு முறை. சிறுத்தை இல்லை. காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள்.

கட்டாவி ஏரிப் பக்கம் ஒரு புளியமரம் பற்றிச் சொன்னார்கள். கட்டாபி என்ற வேட்டைக்காரரின் ஆவி அதில் குடியிருப்பதாக நம்பிக்கை, பூங்காவின் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான், உள்ளூர் மக்கள் மரத்தடியில் காணிக்கை வைத்துவிட்டுப் போவார்கள். புளியமரத்தில் ஆவி என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு. நம் ஊரிலும் அதே மரம்தானே என்று ஓட்டுநரிடம் சொன்னேன். சுவாஹிலியில் புளிக்கு உக்வாஜு என்றார், அதன் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். அப்படியானால் பேயும் அங்கிருந்துதான் கப்பலேறியது போலிருக்கிறது என்றார் என் கணவர்.

இப்போது அந்தக் குறைந்த நட்சத்திரம். செட்சி ஈ. குட்டைகளுக்குப் போகும் வழியெல்லாம் மியோம்போ என்ற வறண்ட இலையுதிர் காடு, காட்டுக்குள் நுழைந்ததும் வண்டியோடு கூடவே பறந்து வரும், சட்டைக்கு மேலேயே குத்தும், அடித்தால் சாகாது, நசுக்க வேண்டும். கருநீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள், பொறி வைப்பதே அந்த நிறத் துணியில்தான். இது தெரியாமல் நான் கருநீல ஜீன்ஸில் போய் உட்கார்ந்தேன். ஓட்டுநர் ஒரு தகரத்தில் காய்ந்த யானைச் சாணத்தைப் புகைய விட்டார். ஈ கொஞ்சம் குறைந்தது, எங்களுக்கும் மூச்சு முட்டியது. தூக்க நோயைப் பரப்பும் ஈ என்பதால் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் எங்கே போனீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மலேரியா மாத்திரையும் கட்டாயம்.

நவம்பருக்கு மேல் போகவே வேண்டாம். சமவெளிகளில் கரிசல் மண், ஒரு நல்ல மழை போதும், வண்டி அச்சு வரை இறங்கிவிடும், முகாம்கள் பலவற்றையும் மூடிவிடுவார்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிட்டாலிகேயில் சோறும் அவரை மாதிரி ஒரு பயறுக் குழம்பும் எப்போதும் கிடைக்கும், சைவக்காரர்கள் பிழைத்துக்கொள்ளலாம். நான் ஊறுகாய் கொண்டு போயிருந்தேன்.

பணம் ரொம்பவே கையைக் கடித்தால் இன்னொரு வழி உண்டு. கட்டுமா ஆறு சிட்டாலிகேயை ஒட்டித்தான் போகிறது, அங்கேயே நீர்யானைகள் கிடக்கின்றன, கரையோர விடுதியில் அறை எடுத்தால் சீட்டே வாங்காமல் நாள் முழுக்கப் பார்க்கலாம். இருட்டிய பிறகு மட்டும் அறையை விட்டு வெளியே வராதீர்கள். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே விடிய விடியப் புல் மேய்ந்துகொண்டிருந்தது ஒன்று, கழிப்பறை வேறு வெளியே இருந்தது.