கருப்பு வெள்ளை போட்டோ: வீட்டு பிரிண்டரா, லேபா?

வேலூர் கோட்டை அகழியோரம் எடுத்த மதில் படத்த ரெண்டு விதமாவும் போட்டு பாத்துட்டேன். மொதல்ல டவுன்ல ஒரு லேப்ல 8க்கு 12 இன்ச் சைஸ் குடுத்தேன், பைல் 2400க்கு 3600 பிக்சல், அதாவது இன்ச்சுக்கு 300 பிக்சல், அதனால ஷார்ப்பா தான் வந்துச்சு, ஆனா கருங்கல்லு முழுக்க லேசா பச்சை அடிக்குது. கலர் பேப்பர்லயே தான் கருப்பு வெள்ளையும் போடுறாங்க, மூணு சாயமும் சரியா சேர்ந்தா தான் சுத்தமான சாம்பல் வரும், கொஞ்சம் பிசகினாலும் போச்சு.

என் சாதா நாலு இங்க் பிரிண்டரும் அதே கதை தான், டியூப்லைட்ல நல்லாருக்கும், வாசல் வெயில்ல பாத்தா செவசெவன்னு இருக்கும்.

சத்துவாச்சாரில பிரண்டு கிட்ட தனியா சாம்பல் இங்க் இருக்கற பிரிண்டர் இருக்கு, அதுல பளபளப்பு இல்லாத மேட் பேப்பர்ல போட்டோம் பாருங்க, கல்லு இடுக்குல காஞ்ச பாசி கூட தனித்தனியா தெரிஞ்சுது, அப்படியே பாத்துட்டே நின்னுட்டேன்! ஆனா அந்த பிரிண்டர ஓட்டாம சும்மா வச்சா நம்மூர் மே மாச சூட்டுல இங்க் வர்ற ஹெட்டு காஞ்சு அடைச்சுக்கும், கிளீனிங்குக்கே இங்க் காலியாயிடும்.

எப்பவாச்சும் தான் போடுவீங்கன்னா லேபே போதும், மொதல்ல 4க்கு 6ல ஒண்ணு போட சொல்லி வெளிய பகல் வெளிச்சத்துல பாத்துட்டு பெருசு போடுங்க. தாத்தாவோட பழைய படத்த மட்டும் நான் பிரண்டு வீட்லயே தான் போடப்போறேன்.