டெல்மிசார்டனுக்குத் துணையாக எந்த மாத்திரை?

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம். போன ஆண்டு சிறுநீரில் நுரை. சோதித்தால் அல்புமின், அதாவது சிறுநீரில் கசியும் புரதம், 340. டெல்மிசார்டன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பிரஷர் மாத்திரைதானே என்று அந்த வகையை லேசாக நினைக்க வேண்டாம். 2001இல் அதே வகையைச் சேர்ந்த லோசார்டன், இர்பெசார்டன் ஆய்வுகள் வந்ததிலிருந்து சிறுநீரகத்துக்கு முதல் காவல் அதுதான். அதற்கு மேல் முதலில் எது, சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கும் டாபாகிளிஃப்ளோசினா (சுருக்கமாக டாபா), அல்டோஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஃபினெரினோனா என்பதுதான் எங்கள் கேள்வி.

இரண்டுமே 2020இல் பெரிய ஆய்வுகளில் தேறியவை. சிறுநீரகம் கெட்டுப்போகும் ஆபத்தை டாபா 44 சதவீதமும் ஃபினெரினோன் 18 சதவீதமும் குறைத்தன. ஆனால் சேர்த்த ஆட்களும் அளவுகோலும் வேறு வேறு. அதை வைத்து மார்க் போடுவது சரியல்ல.

எங்களுக்கு முடிவு சொன்னது பொட்டாசியம். டெல்மிசார்டனே அதை ஏற்றும். ஃபினெரினோன் இன்னும் ஏற்றும். தொடங்கிய நான்காம் வாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், டோஸை மாற்றினால் மறுபடியும். 5.5ஐத் தாண்டினால் நிறுத்திவைப்பார்கள். அப்பாவுக்கு அப்போதே 4.9. கோடையில் தினம், பொட்டாசியம் நிறைந்த இளநீர் ஒன்று குடிக்காமல் இருக்க மாட்டார். லேபுக்குக் கூப்பிட்டால், "போன மாசம்தானேப்பா குத்தினாங்க" என்பார். டாபா பொட்டாசியத்தை ஏற்றுவதில்லை. இந்தியாவில் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. அதையே தொடங்கினோம்.

அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்குவதால் பூஞ்சை அரிப்பு வரலாம். அப்பாவுக்கு முதல் மாதமே வந்தது. கூச்சத்தில் ஒரு வாரம் மூடி மறைத்தார். களிம்பு போட்டதும் சரியானது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.4லிருந்து 1.6 ஆனபோது பயந்துபோனோம். சிறுநீரக வடிகட்டியில் அழுத்தம் குறைவதால் முதலில் அப்படி ஏறும், அப்புறம் நிலைக்கும் என்றார் டாக்டர், நிலைத்தது. வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் மாத்திரையை நிறுத்த வேண்டும், ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே. இல்லையென்றால் சர்க்கரை ஏறாமலேகூட ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம்.

ஃபினெரினோனை வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. அதன் அன்றாடத் தொல்லைகளை என்னால் சொல்ல முடியாது. இதே டாபா வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் அல்புமின் இன்னும் நன்றாக இறங்குகிறது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பாவுக்கு 210இலேயே நிற்பதால், அடுத்த முறை ஃபினெரினோனையும் சேர்க்கலாமா என்று டாக்டர் பேச்செடுத்திருக்கிறார். பொட்டாசியம் இப்போது 4.6. இளநீர் பேச்சை அப்பாவிடம் இன்னும் எடுக்கவில்லை.